கோவலன் செலவுக் கணக்கு

சிலப்பதிகாரத்தைப் பற்றி ஒரு கட்டுரையாவது இல்லாமல் தமிழ்ச் சங்க மலர் எதுவும் வந்ததாக எனக்கு நினைவில்லை. பத்தினியின் பெருமை, ஊழின் வலிமை, அரசியலில் அறம் ஆகிய மூன்றையும் அறிஞர்கள் திரும்பத் திரும்ப எழுதிவிட்டார்கள்; அவற்றோடு சேர்க்க என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. நான் பேச வந்தது அந்தக் காப்பியத்துக்குள் புழங்குகிற பணத்தைப் பற்றி. தில்லியில் 34 ஆண்டுகள் கணக்குத் தணிக்கை பார்த்தவனுக்கு வேறு எப்படிப் படிக்கத் தெரியும் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். புகார்க் காண்டம் முழுக்கப் பணக்கார வீட்டுக் கதைதான். கடல் வணிகத்தில் சேர்த்த செல்வம், அதை எப்படிச் செலவு செய்தார்கள், யார் செலவு செய்தார்கள், யாரால் செய்ய முடியாமல் போயிற்று என்பதை இளங்கோவடிகள் சொல்கிற அளவுக்கு நம் இலக்கியத்தில் வேறு யாரும் சொன்னதில்லை என்பது என் எண்ணம்.

நம்மில் பெரும்பாலோர் மனத்தில் இருக்கிற கோவலன் கதை என்ன? பணக்கார வீட்டுப் பிள்ளை, தாசி வீட்டுக்குப் போனான், சொத்தெல்லாம் அங்கே போயிற்று, கடைசியில் பெண்டாட்டியின் சிலம்பை விற்கப் போய் உயிரை விட்டான். அவ்வளவுதான். இது முழுக்க இளங்கோ சொன்ன கதை அல்ல. 1892-இல் உ.வே.சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையோடு சிலப்பதிகாரத்தை அச்சில் கொண்டு வருவதற்கு முன், ஊர் மக்கள் அறிந்திருந்தது கதைப்பாட்டிலும் கூத்திலும் வந்த கோவலன் கதை. அங்கே மாதவி பணம் பறிப்பவள். அந்த மாதவி நம் பாட்டிமார்கள் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டாள். காப்பியத்தைப் படித்தவர்கள்கூட அவளை நினைவில் வைத்துக்கொண்டே படிக்கிறார்கள். அதனால் கணக்கில் எந்தப் பக்கம் எது எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல், மொத்தப் பற்றையும் மாதவி பெயரில் எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

முதல் செலவு கல்யாணம். பெண்ணுக்கு 12 வயது, பிள்ளைக்கு 16. இரண்டு வீடும் புகாரின் பெரிய வணிகக் குடிகள். மாசாத்துவான் பிள்ளையின் அப்பா, மாநாய்கன் பெண்ணின் அப்பா. கல்யாணத்துக்கு ஊரை எப்படி அழைத்தார்கள் தெரியுமா? நகை அணிந்த பெண்களை யானை மேல் ஏற்றி நகரம் முழுக்கச் சொல்லி வரச் செய்தார்கள். இன்றைக்கு சத்தர்பூர் பண்ணை வீடுகளில் நடக்கும் கல்யாணங்களுக்கு நம்மில் சிலர் போய்த் திகைத்து வந்திருப்போம். உலர்பழப் பெட்டியோடு ஒரு கிலோ எடையில் வருகிற அழைப்பிதழைக் கையில் வாங்கியிருப்போம். யானைக்கு முன்னால் அதெல்லாம் எம்மாத்திரம்! ஆனால் இளங்கோ இந்தச் செலவைக் குறை சொல்லவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. செல்வம் உள்ள வீட்டில் மங்கலம் அப்படித்தான் நடக்கும் என்று மனம் நிறைந்து பாடுகிறார். பணக்காரர்கள் செலவு செய்வதையே தப்பு என்று நினைக்கிற கவி அல்ல அவர். இதை முதலில் ஒத்துக்கொண்டால்தான் பின்னால் அவர் எங்கே கை வைக்கிறார் என்பது புலப்படும்.

கல்யாணம் ஆனதும் மாமியார் ஒரு காரியம் செய்கிறாள். இளந்தம்பதிகள் இல்லறத்தின் சிறப்பைத் தாங்களே நடத்திக் காட்டட்டும் என்று, பணியாட்களோடும் தனிச் செல்வத்தோடும் அவர்களைத் தனிக் குடித்தனம் வைக்கிறாள். மனையறம்படுத்த காதையில் சில வரிகளில் கடந்துபோகிற செய்தி இது. படிப்பவர்கள் பெரும்பாலும் கோவலன் கண்ணகியைப் புகழும் அழகுக்குத் தாவிவிடுவார்கள். ஆனால் கணக்குப் பார்க்கிறவன் இங்கேதான் நிற்க வேண்டும். கோவலன் கையில் வந்தது பிரித்துக் கொடுத்த பங்கு. அப்பாவின் பெட்டி அப்பாவிடமே இருக்கிறது. அந்தப் பங்கும் வெறும் செலவுக்கென்று கொடுத்ததல்ல, விருந்தோம்பி அறம் செய்து குடும்பம் நடத்துவதற்கென்று கொடுத்தது. எங்கள் அலுவலகப் பேச்சில் சொன்னால், ஒரு தலைப்பில் ஒதுக்கிய பணம்.

இனி மாலை. மாதவி 5 வயதில் தொடங்கி 7 ஆண்டுகள் ஆடலும் பாடலும் பயின்று, 12 வயதில் சோழன் அவையில் அரங்கேறுகிறாள். அரசன் தலைக்கோல் பட்டத்தோடு 1008 கழஞ்சு பொன் பெறும் தகுதியையும் அளிக்கிறான். கழஞ்சு ஒன்று ஏறத்தாழ 5 கிராம் என்று வைத்துக்கொண்டாலும் 5 கிலோ பொன்னுக்கு மேல் வருகிறது. அந்த விலைக்குரிய மாலையை ஒரு கூனியின் கையில் கொடுத்து, நகரத்துச் செல்வ இளைஞர்கள் உலவும் தெருவில் விற்பவளைப் போல நிறுத்துகிறார்கள். வாங்குகிறவன் மாதவிக்கு உரியவன். கோவலன் வாங்குகிறான்.

இந்த 1008 கழஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் ‘அநியாய விலை’ என்று நாம் மாதவி மேல் பாய்கிறோம். விலையை அவள் வைக்கவில்லை. அவள் அம்மா சித்திராபதியும் வைக்கவில்லை. அது கலைக்கு அரசு வகுத்திருந்த முறைப்படியான தொகை. மதுரைக் காண்டத்தில் ஊர்காண் காதைக்குப் போனால், பாண்டியன் தலைநகரத்துத் தலைக்கோல் அரிவையர் பற்றிய இடத்தில் அதே 1008 கழஞ்சு மறுபடியும் வருகிறது. இரண்டு நாட்டிலும் ஒரே தொகை! ஆக, சந்தை விலை தெரியாமல் ஏமாந்த கதை அல்ல இது. விலை ஊருக்கே தெரியும். தெருவில் நின்று ஊர் பார்க்க வாங்குவதற்காகவே வைக்கப்பட்ட பொருள் அது. வாங்கியவனுக்குக் கிடைத்தது மாதவி மட்டுமா? இவ்வளவு கொடுக்க வல்லவன் இவன் என்று ஒரு தெருவே பார்த்ததும் சேர்த்துத்தான். பணக்காரர்களின் செலவில் ஒரு வகை இப்படி. பொருளைவிட விலைச்சீட்டு பெரிதாகத் தெரிய வேண்டும். இதற்கு உதாரணம் நான் சொல்லித்தான் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. மும்பையிலும் பெங்களூரிலும் இருக்கிற நம் பிள்ளைகளின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாலே போதும்.

அதற்குப் பிறகு செலவு எப்படி ஓடியது என்பதற்கு இளங்கோ தொகை சொல்வதில்லை. பொருளைக் காட்டுகிறார். கடலாடு காதையில் மாதவி நீராடி ஒப்பனை செய்துகொள்கிறாள். 10 வகைத் துவர், 5 வகை வாசனைப் பொருள், 32 வகை ஓமாலிகை ஊறிய தண்ணீரில் குளியல். அப்புறம் கால் விரலில் தொடங்கித் தலை வரைக்கும் நகை வரிசை. உரைகாரர்களுக்குப் பெரிய விருந்து இந்தப் பகுதி. ஒவ்வொரு நகைக்கும் பெயர் விளக்கம் கொடுத்து மகிழ்வார்கள். எனக்கோ, இதைப் படிக்கும்போதெல்லாம் இரண்டு காதைக்கு முந்தி வந்த அந்திமாலைச் சிறப்புச்செய் காதை நினைவுக்கு வந்துவிடும். அங்கே கண்ணகி. காலில் சிலம்பு இல்லை. மங்கல அணி தவிர வேறு நகையில் அவளுக்கு நாட்டம் இல்லை. இளங்கோ ஒப்பிட்டுப் பேசவே இல்லை. இங்கே ஒரு பட்டியல், அங்கே ஒரு வெறுங்கால், அவ்வளவுதான். சிலம்பு விலை போகாமல் பெட்டிக்குள் இருக்கிறது என்பதையும் இந்த இடத்திலேயே நமக்குச் சொல்லி வைத்துவிடுகிறார்.

மாதவியிடம் ஊடிப் பிரிந்து வீடு திரும்புகிற கோவலன் கண்ணகியிடம் சொல்வது என்ன? குலத்தார் தேடி வைத்த மலை போன்ற செல்வம் தொலைந்தது, இந்த வறுமை எனக்கு வெட்கமாக இருக்கிறது என்கிறான். ‘உன்னை விட்டுப் போனேன், அது வெட்கமாக இருக்கிறது’ என்று அந்த முதல் பேச்சில் அவன் சொல்லவில்லை. பணம் போனதுதான் முதலில் சுடுகிறது. கண்ணகி முகம் மலர்ந்து, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாமல் வருந்துகிறான் என்று எண்ணி அவள் அப்படிச் சொன்னாள் என்று பொருள் கொள்வதுண்டு. அப்படிப் படித்தால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாது. அவனோ, அந்தச் சிலம்பையே முதலாக வைத்து மதுரையில் தொழில் செய்து இழந்ததை மீட்கலாம் என்கிறான். விடிவதற்குள் கிளம்பியும் விடுகிறார்கள்.

இங்கே தணிக்கைக்காரன் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். எதற்காக மதுரை? அதே ஊரில் அப்பா மாசாத்துவான் இருக்கிறார். அவர் செல்வம் அப்படியே இருக்கிறது. பின்னால் வஞ்சிக் காண்டத்தில் அந்தச் செல்வம் என்ன ஆயிற்று என்று நூலே சொல்லப்போகிறது. மாமனாரும் வசதியானவர். இரண்டு வீட்டில் எந்த வீட்டு வாசலில் போய் நின்றிருந்தாலும் முதல் கிடைத்திருக்கும். கோவலன் போகவில்லை. ஊர் பார்க்க மாலை வாங்கிய கை, ஊர் பார்க்க அப்பாவிடம் நீள மறுக்கிறது. நான் சொல்வது கொஞ்சம் கடுமையாகப் படலாம். ஆனால் அவனை மதுரைக்குத் துரத்தியது வறுமையைவிட அந்தஸ்து என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வசதியாக வாழ்ந்தவர்களுக்கு இல்லாமையைவிட இல்லை என்று தெரிந்துபோவதுதான் பெரிய பயம். தில்லியில் வியாபாரம் நொடித்த பிறகும் கார் ஓட்டியை நிறுத்தாத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாதவி பணத்துக்காகப் பழகியவள் என்கிற வழக்குக்கு நூலிலேயே எதிர்ச்சாட்சி இருக்கிறது. கோவலன் பிரிந்துபோன பிறகு அவள் இரண்டு முறை கடிதம் அனுப்புகிறாள். முதல் கடிதத்தை வசந்தமாலையிடமிருந்து அவன் வாங்கவில்லை. இரண்டாவது கடிதம் கோசிகன் கையில் வழியில் வந்து சேர்கிறது. கையில் காசில்லாமல் நடந்து போகிறவனுக்குக் கடிதம் எழுதினால் பறிப்பதற்கு என்ன இருக்கிறது? அதைப் படித்த கோவலன் அவள் மேல் குற்றமில்லை, குற்றம் என்னுடையது என்று முடிவுக்கு வருகிறான். அந்தக் கடிதத்தின் வாசகம் தன் பெற்றோருக்கும் பொருந்துகிறது என்று சொல்லி, அதையே அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறான். காதலி எழுதிய கடிதம் அப்பா அம்மாவுக்கு மன்னிப்புக் கடிதமாகப் போகிறது! கதாநாயகனே தள்ளுபடி செய்துவிட்ட வழக்கை நாம் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

மதுரைக்குப் போனபின் ஊர்காண் காதையில் அவன் கடைத்தெருக்களைச் சுற்றுகிறான். பொன், மணி, துணி, தானியம் என்று தெருத்தெருவாக விவரிப்பு. எல்லாவற்றின் விலையும் தெரிந்தவன் எதையும் வாங்க முடியாமல் நடக்கிறான். அடுத்த காதையில் மாடலன் என்னும் மறையவன் அவனைச் சந்திக்கிறான். இந்த மாடலன்தான் கோவலனின் இன்னொரு கணக்கைத் திறந்து காட்டுகிறான். அதுவரை நமக்குத் தெரியாத கோவலன் அது. மணிமேகலைக்குப் பெயர் சூட்டிய நாளில் பொன்னை மழையாகப் பொழிந்திருக்கிறான். தானம் வாங்க வந்த கிழவரை மதயானை பிடித்தபோது உயிரைப் பொருட்படுத்தாமல் பாய்ந்து காப்பாற்றியிருக்கிறான். கீரியைத் தவறாகக் கொன்றுவிட்ட பார்ப்பனப் பெண்ணைக் கணவன் கைவிட்டுப் போனபோது, அவள் பாவம் தீரத் தானம் செய்து, போனவனையும் அழைத்து வந்து, பணமும் கொடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறான். பொய்ச்சாட்சி சொல்லிப் பூதத்தின் கையில் சிக்கியவனுக்காகத் தன் உயிரைத் தருகிறேன் என்றிருக்கிறான். பூதம் அதை ஏற்க மறுத்து அவனைக் கொன்றபின், அவன் தாயையும் சுற்றத்தையும் பல ஆண்டு வைத்துக் காப்பாற்றியிருக்கிறான்.

கோவலனைச் சாகும் முன் நல்லவனாக்கிக் காட்டுவதற்கு இந்தப் பகுதியை வைத்தார் இளங்கோ என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தப் பிறவியில் நீ செய்தவை எல்லாம் நல்வினை, முற்பிறப்பு வினைதான் இப்படிப் பழிவாங்குகிறது என்று மாடலனும் சொல்கிறான். அது மாடலன் தீர்ப்பு. அதையே காப்பியத்தின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். எல்லாம் தெருவில் நடந்தவை, எல்லாம் அந்நியர்களுக்குச் செய்தவை. கோவலன் கஞ்சன் இல்லை, கல்நெஞ்சனும் இல்லை. இரக்கம் வந்தால் பொன்னும் கொடுப்பான், உயிரும் கொடுப்பான். ஆனால் கணவன் கைவிட்ட ஒரு பெண்ணுக்காகப் பணம் செலவழித்துச் சேர்த்து வைத்தானே, அவன் வீட்டில் யார் உட்கார்ந்திருந்தது? அது எந்த ஆண்டு நடந்தது என்று நூலில் இல்லை. மாதவி வீட்டுப் பெயர் சூட்டு விழாவோடு ஒரே மூச்சில் மாடலன் அதைச் சொல்கிறான். இளங்கோ தெரியாமல் வைத்த கதை என்று என்னால் நம்ப முடியவில்லை. மாலை வாங்கிய கையும் தானம் கொடுத்த கையும் ஒரே கைதான். கண்முன் வந்து நிற்பதற்கு அந்தக் கை உடனே திறக்கும். கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பது கணக்கில் வராது.

காப்பியத்தின் மையக் கணக்கு கொலைக்களக் காதையில் வருகிறது. மாதரியின் இடைச்சேரிக் குடிலில் கண்ணகி சமைத்துப் போட்டு, கோவலன் சாப்பிட்டு முடித்தபின் நடக்கிற பேச்சு. இப்போதுதான் அவன் மனம் திறந்து வருந்துகிறான்: தகாத கூட்டத்தோடு திரிந்தேன், பெரியோர் சொல்லைத் தட்டினேன், உனக்குச் சிறுமை செய்தேன். அதற்குக் கண்ணகி சொல்லும் பதிலை நாம் கற்பு என்கிற ஒரே கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிடுகிறோம். அவள் என்ன சொல்கிறாள்? நீங்கள் இல்லாததால் எனக்கு இன்பம் போயிற்று என்று சொல்லவில்லை. நகை போயிற்று என்றும் சொல்லவில்லை. அறவோர்க்குக் கொடுக்க முடியாமல் போயிற்று, அந்தணரைப் பேண முடியாமல் போயிற்று, துறவிகளை எதிர்கொண்டு வரவேற்க முடியாமல் போயிற்று, முன்னோர் வழிவந்த சிறப்பான விருந்தோம்பலை இழந்தேன் என்கிறாள். மாமனாரும் மாமியாரும் வந்தபோது என் துயரத்தைப் பொய்ச் சிரிப்பால் மறைத்தேன், அதை அவர்கள் கண்டுகொண்டு வருந்தினார்கள் என்கிறாள்.

கவனியுங்கள். அந்த வீட்டில் தொடக்கத்தில் செல்வம் இல்லாமல் இல்லை. பணியாட்கள் உண்டு. சிலம்பு அவளுடையது, நினைத்த மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்க முடிகிறது. ஆனால் ஒரு விருந்தாளிக்குச் சோறு போட முடியவில்லை. விருந்து ஏற்பது கணவனோடு சேர்ந்து செய்யும் அறம் என்பது அந்தக் கால வழக்கு. அவன் வெளியே போனதும் அவளுக்குச் செலவு செய்யும் தகுதி இல்லாமல் போய்விட்டது. பணத்தை வைத்திருக்கலாம், கொடுக்க முடியாது. கணவனிடம் கொடுக்கலாம், அவ்வளவுதான். கோவலன் இழந்தது பங்குப் பணம். கண்ணகி இழந்தது கொடுக்கும் உரிமை. இந்த இரண்டாவது இழப்பைப் பற்று என்று எழுதுவதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி கிடையாது. இளங்கோ எழுதியிருக்கிறார்.

இதெல்லாம் பழைய காலம் சார் என்று இளைஞர்கள் சொல்லக்கூடும். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-இலும், மத்தியச் சட்டத் திருத்தத்தால் 2005-இலும் வந்துவிட்டது. சட்டப் புத்தகத்தில் குறை இல்லை. எங்கள் குடியிருப்பில் ஓர் அம்மையார் இருந்தார். கணவருக்குப் பெரிய நிறுவனத்தில் பெரிய பதவி. வீடு அம்மையார் பெயரில்தான், வரிக்காக. வாசலில் மூன்று கார். ஒரு பங்குனி மாதம் கோயில் அன்னதானத்துக்கு வசூலுக்குப் போனோம். உள்ளே அழைத்துக் காபி கொடுத்தார், குங்குமம் கொடுத்தார், ரொம்பப் பிரியமாகப் பேசினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “அவர் டூர்லேர்ந்து வந்துடட்டும் சார், ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தர்றேனே” என்றார். 500 ரூபாய் விஷயம். கூட வந்த நண்பர் படியிறங்கும்போது கஞ்சத்தனம் என்று முணுமுணுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொலைக்களக் காதையை அதற்குப் பிறகுதான் நான் சரியாகப் படித்தேன் என்று சொல்வேன்.

நம் வீடுகளில் செலவைப் பற்றிய சண்டை பெரும்பாலும் ‘எவ்வளவு’ என்பதில்தான் நடக்கிறது. கல்யாணத்துக்கு இவ்வளவா, காருக்கு இவ்வளவா, பிள்ளை அமெரிக்கா போய்ப் படிக்க இவ்வளவா என்று. சிலப்பதிகாரம் அந்தக் கேள்வியில் அக்கறை காட்டுவதில்லை. யானை மேல் அழைப்பும் அதற்குச் சரி. 1008 கழஞ்சும் ஊர் வழக்கு. யார் கை திறந்திருக்கிறது, யார் கை கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் அது கண்ணெடுக்காமல் பார்க்கிறது.

அப்பாவின் செல்வம் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்து, மதுரை எரிந்து, சேரன் வடக்கே போய்க் கல் எடுத்துக்கொண்டு கங்கைக் கரையில் தங்கியிருக்கும்போது, அதே மாடலன் அங்கே வந்து புகாரின் செய்தியைச் சொல்கிறான். மகன் கொலையுண்டது கேட்ட மாசாத்துவான் தன் செல்வம் முழுவதையும் தானமாகக் கொடுத்துவிட்டு பௌத்த விகாரத்தில் துறவியரோடு சேர்ந்துவிட்டார். கோவலன் தாய் உயிர் விட்டாள். மாநாய்கன் ஆசீவகர்களிடம் துறவு பூண்டார்; அவர் மனைவியும் இறந்துபோனாள். புகாரின் இரண்டு பெரிய பணப்பெட்டிகள் ஒரே வாரத்தில் காலியானது போல இருக்கிறது. பெரிய தானம், சந்தேகமில்லை. ஆனால் அதில் ஒரு சிறு பகுதி ஒரு வருடம் முன்னால் தெருக்கோடியிலிருந்த மகன் வீட்டுக்கு வந்திருந்தால்? மருமகளின் பொய்ச் சிரிப்பைப் பார்த்து வருந்திவிட்டுத் திரும்பிப் போனார்களே, அன்றைக்கு? நூல் இதைக் கேட்கவில்லை. படிக்கிற எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. துக்கத்தில் கொடுப்பது பெட்டியைக் காலி செய்யும். அதற்குள் வாங்க வேண்டிய பொருள் விற்றுப் போயிருக்கும்.

காலத்தில் கொடுத்தவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் மரபைச் சொல்லிக்கொள்ளும் நகரத்தார் சமூகத்திலேயே அழகப்பச் செட்டியார் இருந்தார். 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். கோட்டையூரில் தன் வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தார். 1957-இல், ஐம்பது வயது நிறைவதற்குள், காலமானார். பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் போட்டு எத்தனையோ மாளிகைகள் எழுந்த வட்டாரம் அது. பூட்டிக் கிடக்கிற பல மாளிகைகளைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். பெண்கள் படிக்கப் போன வீட்டை யாரும் படம் பிடிப்பதாகத் தெரியவில்லை. இருக்கட்டும்.

கோவலன் கணக்கில் இன்னும் ஒரு வாரிசு பாக்கி. அது மணிமேகலை. மாதவி செய்தி கேட்டதும் தன் தாயிடம், இவளுக்குக் கணிகையர் கோலம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லித் துறவு கொண்டாள். சீத்தலைச் சாத்தனார் பாடிய காப்பியத்தில் அந்தப் பெண் மணிபல்லவத்துக்குப் போய், எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைப் பெற்று ஊர் திரும்புகிறாள். பாத்திரம் கையில் இருந்தால் மட்டும் போதாது; முதல் பிச்சை ஒரு தகுந்த இல்லத்தாள் கையால் விழ வேண்டும். யாரிடம் போவது? ஆதிரையிடம் போகச் சொல்கிறாள் காயசண்டிகை. இந்த ஆதிரை யார்? அவள் கணவன் சாதுவனும் வணிகன். அவனும் கணிகை வீட்டிலும் சூதிலும் பணத்தை விட்டவன். கோவலன் கதையையே வேறு மை தொட்டு எழுதியது போல. பணம் தீர்ந்ததும் அவனை வெளியே தள்ளினார்கள். கப்பலேறினான், கப்பல் உடைந்தது, நாகர் மலையில் கரையேறினான், அவர்கள் மொழி தெரிந்ததால் பிழைத்தான், பொருளோடு திரும்பி வந்தான். அவன் திரும்பியதால் ஆதிரைக்குக் கொடுக்கும் உரிமையும் திரும்பி வந்தது. வந்த செல்வத்தில் அவர்கள் வீட்டில் தானம் நடக்கிறது.

கண்ணகி வாசலில் நடந்திருக்க வேண்டியது ஆதிரை வாசலில் நடக்கிறது என்றுதான் நான் அந்தக் காதையைப் படிக்கிறேன். பாத்திரம் ஏந்தி நிற்பவள் கோவலனின் மகள், மாதவி பெற்றவள். கண்ணகி தன்னால் முடியாமல் போயிற்று என்று சொன்ன வரிசையை, அந்தப் பெண் அமுதசுரபியோடு உலக அறவியில் நின்று, குருடர் செவிடர் முடவர் பசித்தோர் என்று வந்தவர்க்கெல்லாம் சோறிட்டு நடத்துகிறாள். பிறகு சிறையிலிருந்தவர்களுக்கும் உணவு தருகிறாள். என்ன வேண்டும் என்று சோழ மன்னன் கேட்கிறான். பொன் கேட்கவில்லை அவள், ஒரு கழஞ்சுகூட. அந்தச் சிறைக்கூடத்தை அறச்சாலை ஆக்கித் தர வேண்டும் என்கிறாள். மன்னன் சரி என்கிறான். கைதிகள் வெளியே வருகிறார்கள், உள்ளே அடுப்பு மூட்டப்படுகிறது.